ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தே சொல்கிறேன்: ஒரு பாம்புக்குப் பிரிவுபசார விழா நடத்திய மனிதர் ஒரே ஒருவர்தான். அந்த விழாவில் நான் இருந்தேன். பொன்னாடை இருந்தது, மிக்சர் இருந்தது, காபி இருந்தது, உரை இருந்தது. விழா நாயகர் ஒரு டின்னுக்குள் இருந்தார். நான் அப்போது ஒரு நாளிதழின் நாமக்கல் நிருபர். செய்தி எழுதி அனுப்பினேன். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, வெயில் அதிகமா என்று விசாரித்தார்.

விழா நடத்தியவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எருமப்பட்டி ரோட்டில் இறங்கி “ஷிப்ட்டுக்காரர் ஊடு” என்றால் பேக்கரிப் பையன்கள்கூடக் கை காட்டுவார்கள். பள்ளிபாளையம் பக்கம் ஒரு நூற்பு மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். மில்லை மூடியதும் ஆண்கள் விடுதி ஒன்றை ஆரம்பித்தார். ஒரு வரிசை அறைகள், முன்னால் மெஸ். மெஸ்ஸை நடத்தியவர் அவர் மனைவி. விடுதியில் எல்லோருக்கும் அவர் அக்கா. பின்புறச் சுவரை ஒட்டிக் கோழித்தீவன கோடவுன். மக்காச்சோளமும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கூரை தொட அடுக்கியிருக்கும். எலிகள் கூடி இடம் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

மில்லிலிருந்து அவர் கொண்டு வந்தது ஒரு விசில், பஞ்சிழை சுருண்டு விழும் ஆளுயர டின்கள் சில, அப்புறம் உலகத்தில் உயிருள்ள எல்லாமே ஏதோ ஒரு ஷிப்ட்டில் வேலை பார்க்கிறது என்ற முடிவு.

நான் குடிவந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு விசில் சத்தம் கேட்டது. தண்ணீர் விடுகிறார்கள் என்று நினைத்துப் பக்கெட்டோடு ஓடினேன். முற்றத்தில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, கழுத்தில் கயிற்றில் விசில்.

“உங்களுக்கில்லீங்க தம்பி, நீங்க போய்த் தூங்குங்க.”

“யாருக்குங்ணா?”

“சாரைக்கு. பகல் ஷிப்ட்டு ஏறோணுமில்ல? கூகை இப்பத்தான் எறங்குச்சு.”

கூகை என்றது கோடவுன் முகட்டில் குடியிருந்த வெள்ளை ஆந்தையை. சாரை என்றது சுவர் அடியில் குடியிருந்த சாரைப்பாம்பை. என் கால்கள் தாமாகவே அறைக்குத் திரும்பிவிட்டன. அவர் வாசல்வரை கூடவே வந்து விளக்கினார்.

“எலி நைட் ஷிப்ட்டுக்காரன் தம்பி. பகல்ல வளைக்குள்ள படுத்துக் கெடப்பான். படுத்துக் கெடக்கறவனை ஊட்டுக்குள்ளயே போய்ப் பிடிக்கறது சாரை. பொழுதோட வெளிய வந்தான்னா மேல இருந்து கூகை. ஊட்டுலயும் நிம்மதி இல்லை, ரோட்டுலயும் நிம்மதி இல்லை. இப்படி இருந்தா எவனாச்சும் குடும்பத்தைப் பெருக்குவானா?”

இருந்தாலும் ஒரு பாம்பு நாளைக்கு எத்தனை எலியைப் பிடித்துவிடும் என்று கேட்டேன். நிருபர் கேள்வி. அவருக்கு அது பிடிக்கவில்லை.

“மில்லுல நான் எத்தனை பேரை அடிச்சிருப்பேன்னு நெனைக்கறீங்க? ஒருத்தனையும் இல்லை. சித்த நேரத்துக்கு ஒருக்கா அந்தப் பக்கமா நடந்து போவேன். அவ்வளவுதான். எல்லாரும் நிமுந்துருவாங்க. சாரையும் அப்படித்தானுங்க. தெனம் ஒண்ணைப் பிடிக்கோணும்னு இல்லை. அக்கட்டால நடந்து போனாப் போதும், எலி பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு ஓடிரும்.”

பாம்பு நடக்காது என்று நான் திருத்தவில்லை. அவரைத் திருத்தியவர்களுக்கு மெஸ்ஸில் இரண்டாவது தடவை சாம்பார் வருவதில்லை என்று பக்கத்து அறை ஆத்தூர்க்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

இந்த ஆத்தூர்க்காரர் பண்ணை பண்ணையாகக் கோழி மருந்து விற்பவர். பெரிய உடம்பு, சின்ன தைரியம். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு முற்றத்துக்கு வந்து விழுந்தார். இடுப்பில் துண்டு இருந்தது அதிர்ஷ்டம்.

“யோவ் அண்ணா! பாத்ரூம்ல பாம்பு போவுது!”

ஷிப்ட்டுக்காரர் தினசரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இன்ஸ்பெக்‌ஷன் நடக்குதுங்க. முடியட்டும், கம்முனு நில்லுங்க.”

நுரை காயும்வரை அவர் நின்றார். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து சாரை தண்ணீர்க் குழாய் ஓரமாக வெளியேறியது. ஆறடிக்குக் குறையாது, மண் நிறம். வால் ஓட்டைக்குள் மறையும்வரை ஷிப்ட்டுக்காரர் தினசரியை இறக்கி வைத்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லிகளும் அவர் ஆட்கள்தான். “உங்க ரூமுக்கு ரெண்டு பேரைப் போட்டிருக்கேன்” என்று என்னிடம் சொன்னபோது தலையணை உறையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ட்யூப்லைட் பக்கத்தில் இரண்டு பல்லிகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலையிலிருந்த ஒட்டடையைத் துடைப்பத்தால் எடுத்தேன். மாலையில் கதவைத் தட்டினார்.

“தம்பி, ஒரு ஆளை வேலையை உட்டுத் தூக்கறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்.”

“யாரைங்ணா?”

“மூலையில இருந்த எட்டுக்காலியை. கொசு டிபார்ட்மென்ட்டு அவருதான பார்த்துட்டு இருந்தாரு?”

அன்று என்னைக் கடித்த கொசுக்களில் பாதி அவர் அனுப்பியவை என்றே இன்றும் நம்புகிறேன்.

அவர் கணக்கு எப்போதும் சரியாக இருந்ததா என்றால், இல்லை. கோழிப்பண்ணை சூழ்ந்த ஊரில் ஈ அதிகம். நாமக்கல்லில் ஈயைப் பற்றிப் புகார் சொல்பவன் வெளியூர்க்காரன் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம். மெஸ்ஸில் ஈ மொய்ப்பதாக ஆத்தூர்க்காரர் ஒருநாள் முணுமுணுத்தார். ஷிப்ட்டுக்காரர் காலையில் கிளம்பி, பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து மூடி போட்ட பக்கெட் நிறையத் தவளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ்ஸில் மூடி ஒரு தடவை திறந்துகொண்டது என்பதும், மல்லூரில் பாதி பஸ் இறங்கிக்கொண்டது என்பதும் பிறகு தெரிந்தது. தவளைகளை மெஸ் தொட்டியடியில் விட்டார். இரவெல்லாம் கச்சேரி. அடுத்த இரவு கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த இரவு ஒரே ஒரு தவளை, அதுவும் பாதியில் நிறுத்திக்கொண்டது. காலையில் தொட்டியடியில் சாரை வயிறு புடைத்துக் கிடந்தது.

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தப்பு என்னுதுதான். வேலைக்கு ஆள் எடுக்கறேன்னு போய்ச் சாப்பாட்டை எடுத்துட்டு வந்துட்டேன்.”

இதையெல்லாம் அக்கா எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று கேட்கலாம். அக்கா பாம்பை முழுசாகப் பார்த்ததில்லை. ஒன்று இருக்கிறது என்று தெரியும். எப்போதாவது வாலைப் பார்ப்பார். கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். அதற்கு ஷிப்ட்டுக்காரரும் வாக்குக் கொடுத்திருந்தார்: “சமையக்கட்டு அவன் செக்‌ஷன் இல்லை புள்ள. தாண்ட மாட்டான்.” அவன் தாண்டியதும் இல்லை.

ஒரு கோடை மழைக்கு மறுநாள் எல்லாம் கெட்டது. சங்ககிரியில் லாரித் தொழில் செய்யும் அக்காவின் தம்பி வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஷிப்ட்டுக்காரர் உடுத்துவதற்கு அக்கா ஒரு பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தார். சாயங்காலம் பாத்திரம் எடுக்கப் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றார். சுவரோரம் இரண்டு சாரைகள் கயிறு முறுக்கியது போல ஒன்றையொன்று சுற்றி, இடுப்பு உயரத்துக்கு எழுந்து ஆடிக்கொண்டிருந்தன.

இந்தப் பக்கத்தில் பிணையும் பாம்பின் மேல் புதுத்துணி போட்டு, அந்தத் துணியைப் பீரோவில் வைத்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். அக்கா பயப்படவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. உள்ளே ஓடினார். கையில் கிடைத்த புதுத்துணி பட்டு வேட்டி. ஓடி வந்து வீசினார். வேட்டி பாம்புகளின் மேல் விழுந்து, சரிகையோடு எழுந்து, சின்னத் தேர் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது. அக்கா கைகூப்பி நின்றார். நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டோம்.

ஷிப்ட்டுக்காரர் வெளியிலிருந்து வந்தார்.

“ஏ புள்ள, என்ன காரியம் பண்ணுன! அது கல்யாணம் இல்லை, குஸ்தி! ரெண்டும் ஆம்பளை. எல்லைத் தகராறு!”

அக்கா கூப்பிய கையை இறக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

“ரெண்டா?”

“ஒருத்தன் நம்மவன். இன்னொருத்தன் வெளியூரு. இந்த எடத்துக்குப் போட்டிக்கு வந்திருக்கறான். ஜெயிக்கறவன் இருப்பான், தோத்தவன் போயிருவான்.”

“அப்ப ரெண்டு இருக்குது.”

“இப்போதைக்கு.”

“ஆம்பளையே ரெண்டுன்னா பொம்பளை எத்தனைங்க?”

இந்த இடத்தில் எந்தக் கணவனும் பொய் சொல்லியிருப்பான். ஷிப்ட்டுக்காரர் யோசித்தார். விரல் விட்டுக்கூட யோசித்தார். அவர் இரண்டாவது விரலை மடக்குவதற்குள் அக்கா உள்ளே போய்விட்டார். சங்ககிரி போகும் அடுத்த பஸ்ஸில் இருந்தார்.

அதன் பிறகு சமையலை ஷிப்ட்டுக்காரரே எடுத்துக்கொண்டார். அவர் வைத்த ரசத்தை ஆத்தூர்க்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, தான் விற்கும் மருந்துகளில் ஒன்றின் பெயரைச் சொன்னார். எல்லோரும் வெளியே சாப்பிட ஆரம்பித்தோம். கோடவுனில் மூட்டை தூக்குபவர்களுக்கும் அக்கா மெஸ்ஸிலிருந்துதான் மதியச் சாப்பாடு போகும். அதுவும் நின்றது.

சங்ககிரித் தம்பி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு காரில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை. எதைப் பார்த்தாலும் எத்தனை லாரி நிற்கும் என்று யோசிப்பவர், அவ்வளவுதான்.

“மச்சான், நான் சுத்தி வளைச்சுப் பேசல. பாம்பு போச்சுன்னா அக்கா வரும். இல்லீன்னா இந்த எடத்தை எனக்கு உட்டுருங்க, லாரி நிறுத்த எடம் பத்தலை. நீங்களும் சங்ககிரிக்கே வந்து நம்ம ஊட்டோட இருந்துக்கங்க. என்ன சொல்றீங்கொ?”

விடுதியை விட்டால் அவர்களுக்குச் சொந்தமாகப் பிழைப்பு வேறு இல்லை. மச்சினன் வீட்டில் மாடியறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சூப்பர்வைசராக இருந்த மனிதர். அன்று மாலை ஆறு மணி விசில் சரியாக வந்தது, ஆனால் சத்தம் மெலிந்திருந்தது.

இரண்டு நாளில் முடிவுக்கு வந்தார். குஸ்தியில் தோற்ற சாரை முன்பே போய்விட்டிருந்தது; அவர் விரல் விட்டு எண்ணிய பெண் சாரைகளையும் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஜெயித்த எங்கள் பழைய சாரை முற்றத்தில் சாய்த்துப் போட்டிருந்த மில் டின்னுக்குள் மதிய வெயிலில் போய்ப் படுக்கும். அது படுத்த நேரம் பார்த்து அவர் டின்னை நிமிர்த்தி வைத்தார். பாம்பு பிடித்த கதை அவ்வளவுதான். அவரைப் பாம்பாட்டி என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வார்.

பிறகுதான் விழா. மெஸ் மேசையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார். டின்னை அதன் பக்கத்தில் நிறுத்தினார். அக்கா வீசிய பட்டு வேட்டியை நான்காக மடித்து டின்னின் வாயில் போர்த்திக் கயிற்றால் கட்டினார். பொன்னாடையும் ஆயிற்று, மூடியும் ஆயிற்று. ஆத்தூர்க்காரர் காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கலந்துகொண்டார்.

“இவரு நம்மகிட்ட இருந்தவரைக்கும் ஒரு நாள் லேட்டா வந்ததில்லைங்க” என்று ஆரம்பித்தார் ஷிப்ட்டுக்காரர். “போனஸ் கேட்டதில்லை. சங்கம் சேர்ந்ததில்லை. சட்டை உரிக்கற நாள்ல மட்டும் வேலைக்கு வரமாட்டாரு. அது மெடிக்கல் லீவு. இன்னைக்கு நாம இவரை ரிலீவ் பண்றோம். இது தண்டனை இல்லைங்க, டிரான்ஸ்பர். குடும்பக் காரணத்துனால.”

நாங்கள் கைதட்டினோம். டின்னுக்குள்ளிருந்தும் ஒரு தட்டல் கேட்டது. ஆத்தூர்க்காரர் மிக்சரைக் கொட்டிவிட்டார்.

முட்டை ஏற்றிப் போன ஒரு வேனில் டின்னோடு நாங்கள் இருவரும் பனமரத்துப்பட்டி போனோம். ஏரிக்கரையில் ஆள் நடமாட்டமில்லாத பக்கமாகப் பார்த்து டின்னைச் சாய்த்தார், கயிற்றை அவிழ்த்தார், வேட்டியை எடுத்தார். சாரை வெளியே வந்து புல்லுக்குள் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒரு தடவை பார்க்கலாமில்லீங்க?” என்றேன்.

“ரிலீவ் ஆனவன் திரும்பிப் பார்க்கப்படாது தம்பி. அதான் முறை.” திரும்பி வரும் வழியெல்லாம் அவர்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வந்தார். சாம்பார் வந்தது. கொஞ்ச காலம் விடுதியில் கல்யாணக் களை. காலை விசிலை மட்டும் அவர் நிறுத்திவிட்டார்.

எலிகளின் எண்ணிக்கை கூடியதை நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. அவற்றின் நடை மாறியதைத்தான் கவனித்தோம். முன்பு ஓடிய எலிகள் இப்போது நடந்தன. பட்டப்பகலில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மீசையைத் துடைத்தன. முன்பு கோடவுன் மூட்டையில் நாலு சோளத்தைக் கடித்துவிட்டு ஓடியவை, இப்போது மூட்டைக்குள்ளேயே குட்டி போட்டன. என் சோப்பு போயிற்று. செருப்பு வார் போயிற்று. ஆத்தூர்க்காரரின் மருந்துப் பெட்டியில் ஓட்டை விழுந்தது. சரக்கு இறக்க வந்த லாரியின் வயரைக் கடித்துவிட, அது கோடவுன் வாசலிலேயே நின்றது. பெருச்சாளிகள் பின்சுவரின் அடியைத் தோண்டின. சுவர் விடுதிப் பக்கம் லேசாகச் சாய்ந்தது.

சங்ககிரித் தம்பி தன் காரிலேயே ஒரு பூனையை அனுப்பி வைத்தார். வெள்ளைப் பூனை, நல்ல வளர்ப்பு. அது முதலில் மெஸ் பாலைக் குடித்தது. பிறகு சுவர் சுவராக ஏறி, அறைகளிலிருந்த பல்லிகளைத் தின்றது. மழைக்காலம். பல்லி இல்லாத ட்யூப்லைட்டில் ஈசல் கூட்டமாகக் கூடி, சாம்பாரில் நேராக இறங்கியது. பெருச்சாளி ஒன்றை நேருக்கு நேர் பார்த்த அன்று பூனை பீரோ மேல் ஏறியது. அங்கேயே குடியிருந்தது. சாப்பாடு மேலே போயிற்று.

“லோக்கல் அனுபவம் இல்லை” என்றார் ஷிப்ட்டுக்காரர். நான் சொன்னேனே என்று ஒரு தடவைகூட அக்காவிடம் அவர் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். நிருபர்கள் இதையெல்லாம் கவனிப்பார்கள்.

பொறுக்க முடியாமல் கோடவுன்காரர் மருந்து வைத்தார். மருந்து தின்ற எலிகள் எங்கள் அறைகளின் ஓட்டுக்கடியில் வந்து செத்தன. நாற்றம் தாங்காமல் ஆத்தூர்க்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் மிச்சம். சங்ககிரித் தம்பி மறுபடி காரில் வந்து, இறங்காமலேயே, முற்றத்தின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் ஒரு காலை, கோடவுன் சுவரடியில் கூகை விழுந்து கிடந்தது. மருந்து தின்று தள்ளாடிய எலியைப் பிடித்திருக்கும். சுலபமாகக் கிடைத்திருக்கும். வெள்ளை முகம், மூடிய கண், கொஞ்சமும் கலையாத இறகு. ஷிப்ட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார். தென்னை மரத்தடியில் அவரே குழி வெட்டினார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. உரை இல்லை.

அன்று மாலை ஆறு மணி கடந்தது. மெஸ் வாசலில் அக்கா வந்து நின்றார்.

“ஏனுங்க, விசில் ஊதலீங்களா?”

“யாருக்கு ஊதறது புள்ள? ரெண்டு ஷிப்ட்டும் நின்னுபோச்சு.”

அக்கா அடுப்படிக்குப் போகவில்லை. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். நாங்கள் சாப்பாடு கேட்கவில்லை.

காலையில் அக்காவின் குரல்தான் எங்களை எழுப்பியது. முதலில் போனில் தம்பியிடம்: “லாரி இங்க வராது சாமி. நீ வேற எடம் பாத்துக்க. உன்ற பூனை பீரோ மேல இருக்குது, வந்து எறக்கிட்டுப் போ.” அடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கோடவுன்காரரிடம்: “இன்னொருக்கா மருந்து வெச்சீங்கன்னா உங்க ஆளுகளுக்கு மத்தியானச் சோறு நான் போடமாட்டனுங்க. நீங்களே வடிச்சுப் போட்டுக்கங்க.” கோடவுன்காரர் அன்றே மருந்தை எடுத்துவிட்டார். சோறு இல்லாமல் மூட்டை நகராது.

கடைசியாகக் கணவரிடம் வந்தார்.

“போய் அவரைக் கூட்டிட்டு வாங்க.”

“ஆரை?”

“டிரான்ஸ்பர்ல போனவரை.”

ஷிப்ட்டுக்காரர் டின்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பனமரத்துப்பட்டி போனார். அவ்வளவு பெரிய ஏரியில் குறிப்பிட்ட ஒரு பாம்பைத் தேடிப் போன மனிதரும் இந்த இரண்டு மாவட்டத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பொழுது சாய்ந்து காலி டின்னோடு திரும்பினார்.

“பார்த்தேன் புள்ள. அங்க தவளையா கெடக்குது. நல்லாச் சதை போட்டிருக்கறான். அவனுக்கு அங்க பெர்மனென்ட் ஆயிப்போச்சு. கூப்புட்டா வருவானா?”

பார்த்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. டின்னை மட்டும் பழைய இடத்தில், பழையபடி சாய்த்துப் போட்டார்.

மழை ஓய்ந்து பனி தொடங்கிய ஒரு காலை. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. கத்தல் இல்லை. கத்தலை மென்று விழுங்கிய குரல்.

“ஏனுங்க... ஏனுங்க... புது ஆள் வந்திருக்குதுங்க.”

ஓடினோம். அக்கா துவைக்கிற கல்லின் மேல் நின்றார். கையில் கரண்டி. சுவரோரம் ஒரு சாரை, பழையதைவிடச் சின்னது, கொஞ்சம் மஞ்சள், அவசரமில்லாமல் நீண்டு ஒவ்வொரு வளையாக மோந்து பார்த்தபடி போனது. ஒரு வளைக்குள் தலை நுழைந்தது. பக்கத்து வளையிலிருந்து இரண்டு எலிகள் ஓடின. பல மாதங்களுக்குப் பிறகு அங்கே எலி ஓடி அன்றுதான் பார்த்தேன்.

ஷிப்ட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் ஆர்டரே போடலையே.” அவரே பதிலும் சொன்னார்: “இத்தனை எலி கெடந்தா ஆர்டர் எதுக்கு? ஆளு தானா வரும்.”

அக்காவைப் பார்த்தார். “பயமா இல்லையா புள்ள?”

“பயந்தான். அதுக்காவ? அது அது சோலியைப் பாக்கட்டும், நான் என்ற சோலியைப் பாக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க. சமையக்கட்டு அவங்க செக்‌ஷன் இல்லை.”

ஷிப்ட்டுக்காரர் கழுத்தைத் தடவினார். விசில் இல்லை. உள்ளே ஓடி எடுத்து வந்தார். மணி ஏழரை இருக்கும். இருந்தாலும் ஊதினார்.

அடுத்த கோடைக்குள் விடுதி நிரம்பியது. ஆத்தூர்க்காரர் திரும்பி வந்து, பாத்ரூம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டார். கோடவுன் முகட்டில் வேறொரு கூகை ஜோடி வந்து தங்கியது. எலிகள் ஒழிந்துவிடவில்லை. ஓடிக்கொண்டிருந்தன, அதுவே போதும் என்றார் ஷிப்ட்டுக்காரர். எலி அடியோடு இல்லாவிட்டால் ஆட்களுக்கு வேலை கொடுக்க முடியாதாம்.

நான் சேலத்துக்கு மாற்றலாகி வந்து வெகுநாளாகிறது. சமீபத்தில் எருமப்பட்டிக்கு ஒரு வேலையாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மில்லில் மூச்சோடு போன பஞ்சு இப்போது நெஞ்சில் வேலை காட்டுகிறது. மாடிப்படி ஏறக்கூடாது, விசில் ஊதக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா காபி கொண்டு வந்தார். பட்டு வேட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“பீரோவுல இருக்குது சாமி. தொவைச்சு, பூட்டி வெச்சிருக்கறேன்.”

“அது குஸ்தி வேட்டி” என்றார் அவர், மூச்சு வாங்க.

“குஸ்தியோ கல்யாணமோ, ஊடு நல்லாத்தான இருக்குது? கம்முனு இருங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காபி டம்ளரை வைத்தார். ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து, முந்தானையில் துடைத்து, முற்றத்தின் நடுவில் போய் நின்று ஊதினார். நல்ல கனமான விசில். அவர் காலத்தில்கூட அவ்வளவு தூரம் கேட்டதில்லை. சற்றுப் பொறுத்து, கோடவுன் முகட்டிலிருந்து வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் இறங்கி, தென்னைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டு போயிற்று. நாற்காலியிலிருந்து அவர் கையை உயர்த்தி அதற்கு வருகை போட்டார்.

“லேட்டு” என்றார் என்னிடம். “இந்த வாரம் பூரா லேட்டுங்க தம்பி. குஞ்சு வெச்சிருக்குது, போனாப் போகுதுன்னு உட்டுட்டேன்.”

என் சேலம் வீட்டில், ட்யூப்லைட் பக்கத்தில் ஒரு பல்லி இருக்கிறது. ஒட்டடை அடிக்க வரும் அம்மாளிடம் அதை விரட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டார். அதை அங்கே போட்டவர் இன்னும் ரிலீவ் பண்ணவில்லை என்று மட்டும் சொன்னேன்.